இழுக்கிற பக்கி சுமக்குமா?

கேள்வி: ஐயா, டபுள் கேப் பக்கி (இரண்டு வரிசை இருக்கை உள்ள பிக்கப் வண்டி) வைத்திருக்கிறேன். ஜிவிஎம், அதாவது சுமையோடு சேர்த்து அனுமதித்த மொத்த எடை, 3200 கிலோ. எரிபொருள் டாங்க் நிரப்பி எடைமேடையில் ஏற்றியதில் 2250 காட்டியது. பழைய ஃபிஃப்த் வீல் கேரவன் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வெறும் எடை 1800, கிங்பின் (பக்கியோடு பூட்டும் முன்பக்க ஊசி) பக்கியில் அழுத்தும் எடை 330, தகட்டில் உள்ள ஜிவிஎம் 2200. "உங்கள் பக்கி 3500 கிலோ இழுக்கும், கவலைப்படாதீர்கள்" என்கிறார் விற்பவர். மனைவி, அம்மா, இரண்டு பையன்களோடு டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க் போக ஆசை. வாங்கலாமா?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: தம்பி, எடை போட்டுப் பார்த்துவிட்டு எழுதினீர்களே, மனசு நிறைந்தது. பெரும்பாலோர் வாங்கிய பிறகுதான் எழுதுகிறார்கள்.

விற்பவர் சொன்ன 3500 இழுவைக் கணக்கு. நீங்கள் பார்க்க வேண்டியது சுமைக் கணக்கு. ஃபிஃப்த் வீல் கேரவனின் மூக்கு உங்கள் பக்கியின் சரக்குப் பெட்டிக்குள் ஏறி உட்கார்ந்துவிடும். சாதாரண கேரவன் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குக் கொக்கியில் அழுத்தும். இதுவோ ஐந்தில் ஒரு பங்கு. அந்தப் பாரம் அநேகமாக முழுவதும் பின் அச்சில்தான் விழும். 330 என்பது காலி வண்டியின் எண். தண்ணீர், பாத்திரம், படுக்கை எல்லாம் ஏறி 2200 ஆனால் கிங்பின் எடை 440 பக்கம் வந்து நிற்கும்.

இப்போது கூட்டுங்கள். 3200-ல் 2250 போக உங்களுக்கு மிச்சம் 950 கிலோ. ஐந்து பேருக்கு 340 வையுங்கள். பெட்டியில் பொருத்தும் ஹிட்ச் (கிங்பின்னைப் பூட்டும் கருவி) 70. ஐஸ் பெட்டி, பிராய் (இறைச்சி சுடும்) விறகு, பைகள் 120. கிங்பின் எடை 440. ஆக 970. இருபது கிலோ கூடுதல். விற்பவரின் 330-ஐப் போட்டிருந்தால் 860 என்று நிம்மதியாகக் கிளம்பியிருப்பீர்கள்.

என் யோசனை: விறகைப் போகிற இடத்தில் வாங்குங்கள், தண்ணீர் டாங்கை அங்கே நிரப்புங்கள். நூறு லிட்டர் என்றால் நூறு கிலோ. ஆனால் மூக்கு கனக்கிறதே என்று சாமான்களைக் கேரவனின் வாலுக்குத் தள்ளிவிடாதீர்கள். டர்பன் துறைமுகத்திலிருந்து 26 வருஷம் என்3 நெடுஞ்சாலையில் டிரெய்லர் ஓட்டியவன் நான். ஒருமுறை சரக்கை முழுக்கப் பின்னால் ஏற்றிவிட்டார்கள். வான் ரீனன் கணவாயில் லேடிஸ்மித் பக்கம் இறங்கும்போது டிரெய்லர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட ஆரம்பித்தது. அன்று கையில் பிடித்த ஸ்டீயரிங்கின் நடுக்கம் இன்னும் மறக்கவில்லை. உங்கள் வண்டியில் அம்மாவும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

முன்பணம் கொடுக்கும் முன் இதைச் செய்யுங்கள். குடும்பம், ஹிட்ச், சாமான் எல்லாம் ஏற்றிப் பக்கியை மட்டும் எடை போடுங்கள். பிறகு சாமான் ஏற்றிய கேரவனைப் பூட்டி, பக்கியின் நான்கு சக்கரம் மட்டும் மேடையில் நிற்க, கேரவன் சக்கரங்கள் வெளியே இருக்க, இன்னொரு முறை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உண்மையான கிங்பின் எடை. மூன்றாவதாகப் பின் அச்சை மட்டும் ஏற்றி, தகட்டில் உள்ள அச்சு எடையோடு ஒப்பிடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சு தாண்டிப்போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

டபுள் கேப் பெட்டி குட்டை என்பதும் நினைவிருக்கட்டும். கிங்பின் பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது சற்று முன்னால் நிற்க வேண்டும். கேரவன் 2.4 மீட்டர் அகலம் என்றால், கிங்பின்னிலிருந்து கேபின் வரை 1.2 மீட்டருக்கு மேல் இடம் வேண்டும். இல்லாவிட்டால் ரிவர்ஸில் ஒடிக்கும்போது கேரவனின் மூலை உங்கள் பின் கண்ணாடியை உடைக்கும். இடம் போதாதென்றால், திரும்பும்போது பின்னால் நகர்த்தக்கூடிய ஹிட்ச் கேளுங்கள். அது இன்னும் கனம், கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஜிவிஎம் 750 கிலோவைத் தாண்டிய டிரெய்லரை இழுக்க ஈபி லைசென்ஸ் வேண்டும். உங்களிடம் வெறும் பி (சாதாரணக் கார் லைசென்ஸ்) மட்டும் இருந்தால் டிசம்பருக்குள் தேர்வு எழுதிவிடுங்கள்.

மேடையில் வரும் மூன்று எண்களையும் எனக்கு எழுதி அனுப்புங்கள் தம்பி. பார்த்துவிட்டு வாங்கலாமா என்று சொல்கிறேன்.