அந்தப் பாட்டு அம்மாவிடம்தான் பேசுகிறது

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான், ஆறு மாதமாக கிட்டார் கிளாஸ் போகிறான். கொஞ்ச நாளாகக் கதவைச் சாத்திக்கொண்டு 'ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்' என்ற ஒரே பாட்டையே வாசித்துப் பாடுகிறான். அர்த்தம் தேடிப் பார்த்தால் சூதாட்டம், குடி, சீரழிவு என்று இருக்கிறது. நிறுத்தச் சொல்லலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம்மா, நிறுத்தச் சொல்லாதீர்கள்.

முதலில் அவன் இடது கையைப் பாருங்கள். ஏ மைனர், சி, டி, எஃப் என்ற கார்டுகளில் (பல கம்பிகளைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல் பிடிகள்) போகிற பாட்டு அது. அந்த எஃப் வரும்போதுதான் புதிதாகக் கற்பவர்கள் தடுமாறுவார்கள், ஆள்காட்டி விரலைப் படுக்கவைத்துக் கம்பிகளைச் சேர்த்து அழுத்த வேண்டும், விரல் நுனியெல்லாம் எரியும். திரும்பத் திரும்ப வாசிப்பதற்குப் பாதிக் காரணம் அதுவாகவே இருக்கலாம்.

சரி, வரிகளுக்கு வருவோம். இது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு, யார் எழுதியது என்று யாருக்கும் தெரியாது. 1937-இல் கென்டக்கி மாநிலத்தில் ஆலன் லோமாக்ஸ் என்பவர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைப் பதிவு செய்தபோது, ஜார்ஜியா டர்னர் என்ற பெண் இதைப் பாடிக் கொடுத்தாள். அவளுக்கு வயது 16, கிட்டத்தட்ட உங்கள் பையன் வயதுதான். நியூ ஆர்லியன்ஸ் என்ற அமெரிக்க நகரத்தில் கெட்டுப்போன ஒரு பெண்ணின் புலம்பலாகத்தான் அவள் பாடினாள், என் தங்கையிடம் சொல்லுங்கள், அவளாவது இப்படிப் போக வேண்டாம் என்று. 1964-இல் 'தி அனிமல்ஸ்' என்ற இங்கிலாந்துக் குழு அதைப் பையன் பாடுவதாக மாற்றியது, உலகம் முழுக்கப் பரவியது அதுதான்.

அதில் ஓர் அம்மா வருகிறார், கவனித்தீர்களா? தையல் வேலை செய்கிறவர், மகனுக்குப் புது நீல ஜீன்ஸ் தைத்துக் கொடுத்தவர். அப்பா சூதாடி. அந்தப் பையன் எதைத் தொலைத்தான் என்று பாட்டு விளக்கவே இல்லை, அந்த ஜீன்ஸை மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறது, எனக்கு ஒவ்வொரு முறையும் தொண்டை அடைக்கும் இடம் அது. அப்புறம் அவன் கூப்பிடுவதும் அம்மாவைத்தான்: அம்மா, நான் செய்ததைச் செய்ய வேண்டாம் என்று உன் பிள்ளைகளிடம் சொல். இப்படிச் சொன்னவனே கடைசியில் ஒரு காலை பிளாட்பாரத்திலும் இன்னொரு காலை ரயிலிலும் வைத்துக்கொண்டு அதே ஊருக்குத் திரும்பிப் போகிறான். கெடுதல் என்று தெரிந்தும் விட முடியாத நிலை, அதை இவ்வளவு பட்டவர்த்தனமாகச் சொல்கிற பாட்டுகள் குறைவு. குடியைக் கொண்டாடுகிற பாட்டு என்றால் நானே வேறு மாதிரி பதில் எழுதியிருப்பேன்.

பையன் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றையும் விட்டு ஒதுங்குகிறான் என்றால் அது வேறு விஷயம், உடனே அவனிடம் பேசுங்கள், தேவைப்பட்டால் டாக்டரிடமும் போங்கள். அப்படி எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

அதனால் இன்று சாயங்காலம் கதவைத் தட்டி உள்ளே போய் உட்காருங்கள். முழுசாக ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள். முடித்ததும், "எல்லாம் தெரிந்தும் அவன் ஏன்டா திரும்பிப் போறான்?" என்று மட்டும் கேளுங்கள், அவன் யோசித்துச் சொல்லும்வரை நீங்கள் எதுவும் சொல்லாதீர்கள்.