செங்கடல் வேலை – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

எனக்கு உவரிப் பக்கம். வயது 23. ஒரு கப்பலில் ஒன்பது மாதம் என்ஜின் ரூமைத் துடைத்துச் சுத்தம் செய்யும் வைப்பராக வேலை பார்த்துவிட்டு இறங்கினேன், ஏழு மாதமாக அடுத்த கப்பல் கிடைக்கவில்லை. இப்போது சயான் கோலிவாடாவில் ஓர் அறையில் எட்டுப் பேரோடு இருக்கிறேன். தினமும் ஜிடிபி நகரில் ரயில் ஏறி பேலாப்பூர் போய் ஏஜென்ட் ஆபீஸ் ஒவ்வொன்றாக ஏறி இறங்குகிறேன். போன வாரம் ஒருவர் ஆயிலர் வேலை இருக்கிறது என்றார். டேங்கர் கப்பல், செங்கடல் வழியாகப் போகும், அதனால் சம்பளம் அதிகம் என்கிறார். விசிட் விசாவில் அமீரகத்து ஃபுஜைரா போய் அங்கே ஏற வேண்டும். இரண்டு லட்சம் கேட்கிறார். கப்பல் பெயரும், அது எந்த நாட்டுக் கொடியில் பதிந்தது என்பதும் அங்கே போனால் தெரியும், ஒப்பந்தத்தைக் கேப்டன் கொடுப்பார் என்கிறார். அம்மா போகாதே என்று அந்தோணியாருக்கு நேர்ந்திருக்கிறாள். வீட்டில் கடன் இருக்கிறது. பயமாக இருக்கிறது என்று அறையில் சொன்னால், பயந்தவன் ஏன் கடலுக்கு வந்தாய் என்கிறார்கள். சோமாலியக் கொள்ளையர் காலத்தில் நீங்கள் ஏடன் வளைகுடா வழியாகப் போய்வந்ததை எழுதியிருந்தீர்கள். அந்தத் தைரியம் எப்படி வந்தது? நான் போகலாமா?

ஜெ.

அன்புள்ள ஜெ.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்த வேலைக்குப் போகாதீர்கள். பணமும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே முன்பணம் ஏதாவது கொடுத்திருந்தால், அது போனாலும் போகட்டும் என்று நில்லுங்கள். காரணங்களுக்குப் பிறகு வருகிறேன்.

தைரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நடந்ததைச் சொல்கிறேன், அது தைரியமா என்று நீங்களே பாருங்கள்.

2010-ல் நான் ஒரு பல்க் கேரியரில் ஃபிட்டர். நிலக்கரி ஏற்றி ஆழமாக அமுங்கிய கப்பல். தண்ணீருக்கும் டெக்குக்கும் இடையில் உயரம் குறைவு, வேகம் மணிக்கு 12 கடல் மைல், அதாவது 12 நாட் தாண்டாது. கொள்ளையர் தேடுவது அப்படிப்பட்ட கப்பலைத்தான். 18 நாட் வேகத்துக்கு மேல் ஓடும் கப்பலில் அவர்கள் ஏறியதாகப் பதிவே இல்லை என்று அப்போதைய கையேடு சொன்னது. எங்களுக்கு அந்த வேகம் கனவு. ஏடன் வளைகுடாவுக்கு நான்கு நாள் முன்பிருந்தே வேலை தொடங்கிவிட்டது. தோல் கையுறை போட்டுக்கொண்டு போசனும் அவர் ஆட்களும் பிளேடு கம்பிச் சுருளை ரெயிலிங் முழுக்க இழுத்துக் கட்டினார்கள். கையுறையையும் மீறி எல்லோர் மணிக்கட்டிலும் கீறல். தீயணைப்புக் குழாய்களை வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தோம். பழைய பாய்லர் சூட் உடைக்குள் துணியடைத்து பொம்மை செய்து பின்பக்கம் நிறுத்தினோம். என் வேலை ஸ்டீயரிங் கியர் ரூம் கதவு. அதற்கு உள்பக்கம் குறுக்குக் கம்பியும் தாழ்ப்பாளும் வெல்டிங் வைத்தேன். அந்த அறைதான் எங்கள் சிட்டடல். கொள்ளையர் ஏறிவிட்டால் எல்லோரும் உள்ளே போய்ப் பூட்டிக்கொள்ளும் இடம். தண்ணீர், பிஸ்கட், டார்ச், மருந்துப் பெட்டி, ஒரு சாட்டிலைட் போன், இரண்டு வாளி.

ஒத்திகை நடந்தது. மணி அடித்ததும் ஓடிப்போய் உள்ளே நின்றோம். சீஃப் ஆபீசர் தலை எண்ணினார். 21. நாங்கள் 22 பேர். சாப்பாடு பரிமாறும் மெஸ்மேன் இல்லை. இரண்டு நிமிடம் கழித்து மூச்சு வாங்க ஓடிவந்தான். கையில் அவன் மகள் படம். கேபினில் இருந்ததை எடுக்கத் திரும்பிப் போயிருக்கிறான். கேப்டன் திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நீ வெளியில் மாட்டிக்கொண்டால், உன் தலையில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு கதவைத் தட்டுவார்கள். நான் திறந்துவிடுவேன். அப்புறம் எந்த நேவியும் இந்தக் கப்பலில் ஏறாது." அவன் அழுதுவிட்டான். அன்று இரவே எல்லோரும் முக்கியமானதை ஒரு சின்னப் பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டோம். அடுத்த ஒத்திகையில் 22 பேரும் மூன்றே நிமிடத்தில் உள்ளே.

சில நாள் கழித்து வளைகுடாவை எதுவும் நடக்காமல் கடந்தோம். எனக்கு ஏழு இரவும் தூக்கமில்லை, வயிறு கலங்கியே இருந்தது. தைரியம் என்று எதுவும் என்னிடம் இருக்கவில்லை, தம்பி. கம்பி இருந்தது, கதவு இருந்தது, எண்ணுவதற்கு ஒரு ஆள் இருந்தார். அறையில் உங்களைக் கேலி செய்கிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பயந்தவர்கள்தான் அந்தக் கம்பியைக் கட்டினோம்.

இந்தத் தலை எண்ணும் விஷயம் எவ்வளவு பெரியது என்பதற்கு 2024 ஜனவரியில் நடந்தது சாட்சி. லீலா நார்ஃபோக் என்ற கப்பலில் சோமாலியாவுக்குக் கிழக்கே ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறினார்கள். கப்பலில் 21 பேர், அதில் 15 பேர் இந்தியர்கள். ஏறுகிறார்கள் என்றதும் செய்தி அனுப்பிவிட்டு எல்லோரும் சிட்டடலுக்குள் போய்விட்டார்கள். நம் கடற்படையின் ஐஎன்எஸ் சென்னை அங்கே போய்ச் சேர்ந்தது, மார்கோஸ் கமாண்டோக்கள் ஏறினார்கள். 21 பேரும் உள்ளே என்று தெரிந்ததால் அவர்கள் தைரியமாக ஏற முடிந்தது. கப்பலைச் சல்லடை போட்டுத் தேடியபோது கொள்ளையர் யாரும் இல்லை.

ரூயென் என்ற கப்பலுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2023 டிசம்பரில் பிடிக்கப்பட்டது. அதிலிருந்தவர்களில் 17 பேர் மூன்று மாதம் கொள்ளையர் கையில் இருந்தார்கள். 2024 மார்ச்சில் ஐஎன்எஸ் கொல்கத்தா மீட்டது. சரணடைந்த 35 கொள்ளையரையும் நம் மும்பைக்கே கொண்டுவந்து போலீசிடம் ஒப்படைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த 17 வீடுகளின் நினைப்புதான் வந்தது. மூன்று மாதம் அந்த வீடுகளில் அடுப்பு எப்படி எரிந்திருக்கும்?

ஆனால் செங்கடல் வேறு. ஏமன் நாட்டு ஹூதிப் படையினர் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு அங்கே ஆபத்து கயிறு போட்டு ஏறுகிறவன் மட்டும் இல்லை. ஏவுகணை, டிரோன், வெடிமருந்து நிரப்பிய ஆளில்லாப் படகு. சிட்டடல் பெரும்பாலும் கப்பலின் அடிப்பகுதியில், தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்கும். கொள்ளையருக்கு எதிராக அது நல்ல இடம். வெடிபடகு மோதினால் அதுதான் மிக மோசமான இடம். 2024 ஜூனில் டியூட்டர் என்ற கப்பலில் அப்படிப் படகு மோதி என்ஜின் ரூமுக்குள் தண்ணீர் புகுந்தது. அங்கே இருந்த ஊழியர் ஒருவர் திரும்பவில்லை. சில நாளில் கப்பலும் மூழ்கியது. அதே ஆண்டு மார்ச் 6-ல் ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏவுகணை விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களைத் தூக்கிவந்ததும் ஐஎன்எஸ் கொல்கத்தாதான்.

நீங்கள் ஆயிலர் வேலைக்குக் கேட்கிறீர்கள். அதாவது உங்கள் இடம் என்ஜின் ரூம். அதனால்தான் இதை இவ்வளவு விரித்துச் சொல்கிறேன். ஒழுங்கான கம்பெனி என்றால் அந்தப் பகுதியைக் கடக்கும்போது கீழே எத்தனை பேர், எவ்வளவு நேரம் என்று முன்பே கணக்குப் போட்டிருக்கும். ஏவுகணை எச்சரிக்கை வந்தால் கூடும் இடம் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, வெளிச்சுவரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். கொள்ளையர் எச்சரிக்கைக்கு வேறு மணி, வேறு இடம். இரண்டையும் ஒத்திகை பார்த்திருப்பார்கள். ஏறிய முதல் நாளே செகண்ட் என்ஜினியரிடம் இதைக் கேட்கலாம். ஒருவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். நான் ஃபிட்டராக இருந்தபோது கேட்ட பையன்களை நினைவு வைத்துக்கொண்டேன், அவர்களைத்தான் நம்பி வேலை கொடுத்தேன்.

சரி, உங்கள் ஏஜென்டுக்கு வருவோம்.

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்கிறவருக்கு மத்திய அரசின் கப்பல் துறை இயக்ககமான டிஜி ஷிப்பிங் கொடுத்த ஆர்பிஎஸ்எல் உரிமம் இருக்க வேண்டும். அந்த எண்ணை அவர்கள் இணையதளத்தில் போட்டுப் பார்க்கலாம். உரிமம் உள்ளவர் வேலை வாங்கிக் கொடுப்பதற்கு உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாஸ்போர்ட், சிடிசி என்ற மாலுமிப் புத்தகம், மெடிக்கல் செலவு உங்களுடையதாக இருக்கலாம். "சர்வீஸ் சார்ஜ்" என்று எதுவும் கிடையாது. ஆக இரண்டு லட்சம் என்ற வார்த்தையிலேயே அவர் யார் என்று தெரிந்துவிட்டது. விசிட் விசாவில் ஏற்றுகிறார் என்றால், நீங்கள் கப்பல் வேலைக்குப் போனதற்கு இந்த நாட்டில் காகிதமே இருக்காது. ஏதாவது ஆனால் உங்களைத் தேட எந்த ஆபீசுக்கும் பொறுப்பு வராது. மெஸ்மேனாவது இரண்டு நிமிடத்தில் ஓடிவந்து சேர்ந்தான். காகிதமில்லாமல் போகிறவன் எந்தக் கணக்கிலும் இல்லை.

ஒப்பந்தத்தை ஏறியபின் கேப்டன் கொடுப்பார் என்பதும் தவறு. கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தைப் படிக்கவும், வேறொருவரிடம் காட்டி யோசனை கேட்கவும் மாலுமிக்கு வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்பது எம்எல்சி என்ற சர்வதேச மாலுமித் தொழிலாளர் உடன்படிக்கையின் விதி. இந்தியா அதில் 2015-லேயே சேர்ந்துவிட்டது. கொள்ளையர் பிடித்துவைத்திருக்கும் காலம் முழுவதும் ஒப்பந்தமும் சம்பளமும் தொடர வேண்டும் என்பதும் 2020 டிசம்பர் முதல் அதில் இருக்கிறது. ரூயென் வீடுகளைப் பற்றிச் சொன்னேனே, அப்படிப்பட்ட வீடுகளுக்காக வந்த விதி இது.

கப்பல் பெயர் தெரியாமல் யாரும் வேலைக்கு ஆள் எடுப்பதில்லை. பெயரை மறைக்கிறார் என்றால் மறைக்கக் காரணம் இருக்கிறது. பெயர் தெரிந்தாலும் அதோடு நிற்காதீர்கள், ஏழு இலக்க ஐஎம்ஓ எண்ணைக் கேளுங்கள். பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவார். அந்த எண் மாறாது. அதை வைத்து ஈக்வாசிஸ் தளத்தில் இலவசமாகப் பார்த்தால் கப்பல் எந்த வருடம் கட்டியது, இதற்கு முன் என்ன பெயர், எந்தத் துறைமுகத்தில் குறை கண்டுபிடித்து நிறுத்திவைத்தார்கள் என்பதெல்லாம் வரும். ஒரு டேங்கர் இரண்டு மூன்று வருடத்தில் நான்கு பெயர், மூன்று கொடி மாற்றியிருந்தால் அதில் ஏறாதீர்கள். அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்பதே சந்தேகம்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனையோ நல்ல கப்பல்கள் ஆபத்தான பகுதி வழியாகப் போகின்றன, நம் பையன்கள் போய்விட்டு வருகிறார்கள். ஆனால் போகிறவனுக்கு மறுக்கும் உரிமை கையில் இருக்க வேண்டும். கப்பல் முதலாளிகளும் மாலுமி யூனியன்களும் சர்வதேச அளவில் பேசி முடித்த ஐபிஎஃப் ஒப்பந்தத்தின் கீழ் ஓடும் கப்பலில், போர்ப் பகுதி என்று அறிவித்த இடத்துக்கு வரமாட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். கம்பெனி தன் செலவில் வீட்டுக்கு அனுப்பி, இரண்டு மாத அடிப்படைச் சம்பளத்தையும் கொடுக்க வேண்டும். வருகிறேன் என்றால் அங்கே இருக்கும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, உயிருக்கோ உடலுக்கோ ஏதாவது ஆனால் இழப்பீடும் இரட்டிப்பு. உங்கள் ஏஜென்ட் சொல்லும் "அதிகச் சம்பளம்" எந்த ஒப்பந்தத்தில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேளுங்கள்.

அம்மாவுக்கு. அடுத்த முறை எந்தக் கப்பலுக்குப் போனாலும் ஒரு தாளில் கையால் எழுதிக் கொடுங்கள். கப்பல் பெயர், ஐஎம்ஓ எண், கொடி, கம்பெனி, ஏஜென்டின் உரிம எண், போன் நம்பர், எந்தத் துறைமுகத்தில் ஏறினீர்கள். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றும் வீட்டில் இருக்கட்டும். மாலுமிகளுக்கும் குடும்பத்துக்கும் 24 மணி நேரமும் இலவசமாகப் பேசும் சீஃபேரர்ஹெல்ப் எண்ணையும் அடியில் எழுதுங்கள். ஆபத்தான பகுதியில் கேப்டன் சில நாள் வைஃபையை நிறுத்திவிடுவார். "இந்த ஆறு நாள் போன் வராது, ஏழாம் நாள் வரும்" என்று முன்பே சொல்லிவிட்டால் அந்த ஆறு நாள் அவர்கள் சாப்பிடுவார்கள். என் மனைவிக்கு 2010-ல் நான் இதைச் சொல்லாமல் போனேன். திரும்பிவந்தபோது பாதி உடம்பாக இருந்தாள். அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அப்புறம், கப்பல் எங்கே நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்பதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள்.

கடன் இருக்கும்போது மறுப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். ஏழு மாதம் சும்மா இருப்பது ஆளைத் தின்றுவிடும். வரும் ஞாயிற்றுக்கிழமை செம்பூருக்கு வாருங்கள், நாலு மணிக்கு மேல் வீட்டில் இருப்பேன். எப்படி வருவது என்று தனியாக எழுதியிருக்கிறேன். சிடிசி, பழைய ஒப்பந்தம், பயிற்சிச் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் எடுத்துவாருங்கள். உரிமம் உள்ள ஆபீஸ் எவையெவை என்று உட்கார்ந்து பட்டியல் போடுவோம், திங்கட்கிழமை யூனியன் ஆபீசுக்கும் போய்வருவோம். அதே ஏஜென்ட் அறையில் வேறு யாரிடமாவது பேசியிருந்தால் அவரையும் கூட்டிவாருங்கள். அவர் பணம் கட்டுவதற்கு முன்பாக.

அன்புடன்