அனுபவத்தை ஆங்கிலத்தில் எழுதும் முறை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, எனது தம்பி டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 2013ஆம் ஆண்டு தொழிலாளியாகச் சேர்ந்து, இப்போது உதவி டீமேக்கராக, அதாவது தேயிலை உற்பத்தியை மேற்பார்வை செய்யும் பதவியில், இருக்கிறான். வெளிநாட்டுத் தேயிலை நிறுவனம் ஒன்றில் உற்பத்தி மேற்பார்வையாளர் பதவிக்கு விண்ணப்பிக்கவிருக்கிறான். சுயவிபரக்கோவையில் ‘ஐ ஆம் ஹேவிங் வாஸ்ட் எக்ஸ்பீரியன்சஸ் இன் டீ ஃபீல்ட் சின்ஸ் டென் இயர்ஸ்’ என்று எழுதியிருக்கிறான். இது சரிதானா? இதைவிட எடுப்பான ஆங்கிலச் சொற்றொடர்கள் இருந்தால் சொல்லுங்கள்.
– வாசகி, ஹட்டன்

பதில்: அன்புச் சகோதரி, முதலில் அந்த வாக்கியத்தைச் சீர் செய்துவிடுவோம். உடைமையைக் குறிக்கும் இடத்தில் ஆங்கிலேயர் ‘ஆம் ஹேவிங்’ என்று சொல்வதில்லை; ‘ஐ ஹேவ்’ என்றால் போதும். தொழிலால் வந்த தேர்ச்சியைக் குறிக்கும்போது ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற சொல் பன்மை ஏற்காது. ‘எக்ஸ்பீரியன்சஸ்’ என்று எழுதினால் வாழ்க்கையில் நேர்ந்த சம்பவங்கள் என்று பொருள் மாறிவிடும். ‘சின்ஸ்’ என்பதற்குப் பின்னால் தொடங்கிய ஆண்டு வரவேண்டும், கழிந்த காலம் வரக்கூடாது. ஆகவே ‘சின்ஸ் 2013’ அல்லது ‘ஃபோர் டென் இயர்ஸ்’ என்று இரண்டில் ஒன்றை எழுதலாம். ‘வாஸ்ட்’ இலக்கணப் பிழையல்ல என்றாலும், இந்த இடத்தில் வழக்கில் உள்ள சொல் ‘எக்ஸ்டென்சிவ்’ என்பதே. எல்லாவற்றிலும் கவனிக்கவேண்டியது ‘டீ ஃபீல்ட்’. தேயிலைத் துறை என்ற கருத்தில்தான் தம்பி எழுதியிருக்கிறார். படிக்கிறவருக்கோ அது கொழுந்து பறிக்கும் மலையாகத் தோன்றும். ‘ஐ ஹேவ் ஓவர் டென் இயர்ஸ் ஒஃப் எக்ஸ்பீரியன்ஸ் இன் பிளாக் டீ மனுஃபெக்சர்’ என்று எழுதினால் குழப்பத்துக்கு இடமே இல்லை.

இந்தச் சொல்லோடு சேரும் சிறு சொற்களையும் அவர் மனதில் பதித்துக்கொள்வது நல்லது. துறையைச் சொல்லும்போது ‘இன்’, இயந்திரத்தையோ கணினி மென்பொருளையோ சொல்லும்போது ‘வித்’, பதவியைச் சொல்லும்போது ‘அஸ்’ என்பன வரும். தேயிலையை நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் வேலை செய்திருந்தால் ‘எக்ஸ்பீரியன்ஸ் வித் கலர் சோர்ட்டர்ஸ்’ என்று எழுதவேண்டும்.

அடுத்தது பதவிப் பெயர். டீமேக்கர் என்றால் யார் என்று நம் மலையகத்தில் சிறு பிள்ளைக்கும் தெரியும். இலங்கைக்கும் இந்தியாவுக்கும் வெளியே, தேயிலைத் தொழிற்சாலையை அறியாத மனிதவள அதிகாரி ஒருவர் அதைப் படித்தால், தேநீர் ஊற்றிக் கொடுப்பவர் என்றோ தேநீர் தயாரிக்கும் மின்கருவி என்றோதான் எண்ணுவார். பதவிப் பெயரை மாற்றுவது நேர்மையல்ல என்பதால் அதை அப்படியே எழுதிவிட்டு, பக்கத்திலேயே ‘புரொடக்ஷன் சுப்பவைசர் இன் எ பிளாக் டீ ஃபெக்டரி’ என்று விளக்கம் சேர்க்கச் சொல்லுங்கள். கணக்கப்பிள்ளை என்பதற்குக் ‘கே.பி.’ என்று எழுதும் தோட்டத்து நண்பர்களும் அதே முறையில் ‘ஃபீல்ட் சுப்பவைசர்’ என்று விளக்கவேண்டும்.

இனி, எடுப்பான சொற்றொடர் கேட்டிருந்தீர்கள். தம்பியின் வாழ்க்கைக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு தொடர் இருக்கிறது: ‘வேர்க்ட் மை வே அப்’. கீழ்ப்படியில் சேர்ந்து, சொந்த உழைப்பால் படிப்படியாக மேலே வந்தவர் மட்டுமே சொல்லக்கூடிய தொடர் அது. ‘ஐ வேர்க்ட் மை வே அப் ஃப்ரொம் ஃபெக்டரி வேர்க்கர் டு அசிஸ்டன்ட் டீமேக்கர்’ என்ற ஒரே வரியில், தொழிலை அவர் எங்கிருந்து கற்றார், எவ்வளவு தூரம் வந்தார் என்ற இரண்டும் அடங்கிவிடுகின்றன. தொழிலாளியாக இருந்த காலத்தை மறைத்துவிட்டுப் பதவியில் இருந்து தொடங்குவதே நம்மவர் பலரின் வழக்கம். அதில் எனக்கு உடன்பாடில்லை. உற்பத்தித் தளத்தில் கைப்பட வேலை செய்து வந்த மேற்பார்வையாளரை அனுபவமுள்ள எந்த முகாமையாளரும் மதிப்பார். அதைக் குறிக்க ‘ஹேண்ட்ஸ் ஒன் எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற நல்ல தொடரும் இருக்கிறது.

வினைச்சொற்களில்தான் நம் பிள்ளைகள் தம்மைத் தாமே குறைத்துக்கொள்கிறார்கள். இரவு முழுவதும் தொழிற்சாலையைத் தன் பொறுப்பில் நடத்தியவர்கூட ‘ஹெல்ப்ட்’ என்றோ ‘வோஸ் இன்வோல்வ்ட் இன்’ என்றோ எழுதிவிடுகிறார். உதவி டீமேக்கரின் இரவு வேலையை எண்ணிப் பாருங்கள். வாட்டுத் தொட்டியில் பரப்பிய கொழுந்தைக் கையில் அள்ளிப் பிடித்து, வாட்டம் சரியாக வந்துவிட்டதா என்று பார்க்கிறார். எப்போது உருட்டத் தொடங்குவது, எவ்வளவு நேரம் நொதிக்க விடுவது என்று தீர்மானிக்கிறார். ஈரம் ஏறத்தாழ 3 வீதத்துக்கு இறங்கும்படி உலர்த்தியின் சூட்டைக் கவனிக்கிறார். இவ்வளவையும் ‘உதவினேன்’ என்று எழுதினால் அது உண்மைக்கே குறைவானது. ‘ரன் த நைட் ஷிஃப்ட்’ என்ற தொடரின் இறந்தகால வடிவமான ‘ரேன் த நைட் ஷிஃப்ட்’ என்பதையும், ‘மொனிட்டர்ட்’, ‘அட்ஜஸ்டட்’, ‘ட்ரெயின்ட்’ போன்ற வினைகளையும் எழுதட்டும். ‘ரெஸ்பொன்சிபிள் ஃபோர்’ பிழையில்லை. ஆனால் அது ஒப்படைக்கப்பட்ட கடமையைச் சொல்லுமே தவிர, செய்து முடித்ததைச் சொல்லாது. அவருடைய பொறுப்பில் எத்தனை பேர் வேலை செய்தார்கள், நாளொன்றுக்கு எத்தனை கிலோ பச்சைக் கொழுந்து வந்தது என்பவற்றைத் தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்து எண்களில் எழுதினால், ‘டைனமிக்’, ‘ஹார்ட் வேர்க்கிங்’ போன்ற அடைமொழிகள் தேவைப்படாது.

இரண்டு எச்சரிக்கைகளும் உண்டு. எல்லா வேலையும் தெரிந்தவர் என்ற கருத்தில் ‘ஜாக் ஒஃப் ஆல் ட்ரேட்ஸ்’ என்று பெருமையாக எழுத வேண்டாம்; ‘எதிலும் முழுத் தேர்ச்சி இல்லாதவர்’ என்ற வால் அந்தத் தொடரைப் பின்தொடர்ந்தே வரும். தொழிலின் நுணுக்கம் எல்லாம் தெரியும் என்று பொருள்படும் ‘ஐ நோ த ட்ரேட் இன்சைட் அவுட்’ என்பது நேர்முகத் தேர்வில் வாயால் சொல்ல அழகாக இருக்கும், விண்ணப்பத்தில் பொருந்தாது. அதைச் சொன்னால், தரம் குறைந்த கொழுந்து வந்த நாளில் என்ன செய்வீர்கள் என்ற கேள்வி அடுத்ததாக வரும் என்பதால், பதிலோடுதான் போகவேண்டும்.

கேள்வி: நான் உயர்தரம் முடித்தபின் எங்கள் தோட்டத்து மாலை வகுப்பில் சம்பளமின்றிக் கணிதம் கற்பித்தேன். இதை அனுபவம் என்று எழுதலாமா? ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2019’ என்று எழுதியிருப்பது சரியா?
– வாசகி, ஹப்புத்தளை

பதில்: தாராளமாக எழுதலாம். ‘டோட் மெதமெட்டிக்ஸ் ஒன் எ வொலண்டரி பேசிஸ்’ என்று எழுதி, எந்தத் தர மாணவர்கள், எத்தனை ஆண்டுகள் என்பதையும் சேருங்கள். சாதாரண தரப் பரீட்சைக்கு அவர்களை ஆயத்தப்படுத்தியிருந்தால் ‘ப்ரிபேர்ட் ஸ்டூடன்ட்ஸ் ஃபோர்’ என்ற தொடர் பொருந்தும். ‘பாஸ்ட் அவுட்’ நம் நாட்டிலும் இந்தியாவிலும் பரவலாக வழங்குகிறது. ஆனால் பிரித்தானியாவில் இராணுவ, பொலிஸ் பயிற்சியை முடித்தவர்களுக்கே அது பொருந்தும், மற்றவர்கள் சொன்னால் மயங்கி விழுந்ததாகவே கொள்வார்கள். ‘கம்ப்ளீட்டட் மை ஏ லெவல்ஸ்’ என்று மாற்றிவிடுங்கள்.

கேள்வி: நுவரெலியாவில் ஹோட்டல் சமையற்கூடத்தில் எட்டு ஆண்டுகள் வேலை செய்கிறேன். சான்றிதழ் எதுவும் இல்லை. எப்படி எழுதுவது?
– வாசகர், நானுஓயா

பதில்: ‘ட்ரெயின்ட் ஒன் த ஜொப்’ என்று எழுதுங்கள். வேலைத்தலத்திலேயே பயிற்சி பெற்றவர் என்பதை அது மரியாதையாகச் சொல்லும். ‘நோ குவாலிஃபிக்கேஷன்ஸ்’ என்று நீங்களாக எழுதவேண்டியதில்லை. அதோடு, தொழில் தெரிந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்காகவே தேசிய தொழிற் தகைமை (என்.வி.கியூ.) முறையில் முன்கற்றலை அங்கீகரிக்கும் வழி ஒன்று உள்ளது. உங்கள் வேலைத்திறனை மதிப்பீட்டாளர் நேரில் பார்த்து மதிப்பிடுவார். வகுப்பில் இருந்து முழுப் பாடநெறியையும் படிக்க வேண்டியதில்லை. அருகிலுள்ள தொழிற்பயிற்சி அதிகாரசபை நிலையத்தில் விசாரியுங்கள். போகும்போது நீங்கள் வேலை செய்த இடங்களின் சேவைக் கடிதங்களையும், சமைத்த உணவு வகைகளின் படங்களையும் கோவைப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள். தகைமை கிடைத்தவுடன் விண்ணப்பத்தில் ‘என்.வி.கியூ.’ என்ற எழுத்துகளோடு மட்டத்தின் எண்ணையும் சேர்த்து எழுதவேண்டும்.