வகுப்பே சிரித்தது

அன்புள்ள ஐயா,
பிரையன் டி பால்மா 1976இல் எடுத்த ‘கேரி’ படத்தைப் பார்த்தேன். எல்லோரும் கேலி செய்யும் அந்தப் பெண்மீது இரக்கம் வந்தது. ஆனால் பள்ளி நடன விழாவில் பன்றி ரத்தம் தலையில் கொட்டியதும், தனக்கு உதவிய ஆசிரியையையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறாளே! அவள் பலியா, பேயா? பொருட்களை மனத்தாலேயே நகர்த்தும் அவளுடைய மனசக்தி உண்மையிலேயே உண்டா? 2013இல் வந்த படம் இதைவிட மேலா?
ஆர்., மார்த்தாண்டம்

அன்புள்ள ஆர்.,

முப்பந்தல் இசக்கியம்மனின் மாவட்டத்தில் இருந்துகொண்டு பலியா பேயா என்று கேட்கிறீர்களே! கொலையுண்டு, பழிதீர்க்க எழுந்து வந்தவளுக்குக் கொடை கொடுத்து வில்லடிக்கும் ஊர் நம்முடையது. இரண்டும் ஒருத்திதான்.

உங்களுக்கு இரக்கம் வந்தது நல்ல விஷயம். ஆனால் அந்த ஆசிரியை விஷயத்தில் படம் உங்களை ஏமாற்றிவிட்டது. ரத்தம் விழுந்தபின் காட்சி துண்டு துண்டாகிச் சுழல்கிறது. ஆசிரியையும் சிரிப்பதாகக் கேரிக்குத் தோன்றுகிறது. தோன்றத்தான் செய்கிறது, பாவம், பிரமை பிடித்த பெண்! படத்துக்கு மூலமாக ஸ்டீபன் கிங் 1974இல் வெளியிட்ட நாவலில் கூட்டம் நிஜமாகவே சிரிக்கிறது. உயிர் தப்பிய ஒருத்தியே அதைச் சொல்கிறாள். ஆசிரியை சாகவும் இல்லை, பிறகு வேலையை ராஜினாமா செய்கிறார்.

ஒன்பதாம் வகுப்பில் எங்களோடு ஒரு பெண் படித்தாள். அம்மாவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், கொட்டையின் தோடு உடைக்கும் வேலை. விடுமுறையில் இவளும் போவாள். தோட்டின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்திருக்கும். கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டே நடப்பாள். ஒருநாள் வாத்தியார் அவளுடைய கட்டுரை நோட்டைத் தூக்கி, விரல் கறை படிந்த பக்கத்தை எல்லோருக்கும் காட்டினார். “கைநாட்டு வைத்திருக்கிறாள்” என்றார். வகுப்பே சிரித்தது. வருகைப் பதிவேட்டால் வாயை மறைத்துக்கொண்டு அவரும் சிரித்தார். அடுத்த வாரம் அவள் பள்ளிக்கு வரவில்லை. எந்த மேசையும் நகரவில்லை, எந்த விளக்கும் வெடிக்கவில்லை.

வாத்தியார் சிரிக்கவில்லை, அவளுக்குத்தான் அப்படித் தோன்றியது என்று யாராவது இதைப் படமெடுத்தால் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்பேன். இந்தக் கதையில் சக்திதான் கற்பனை, சிரிப்பு நிஜம். டி பால்மா நிஜத்தைப் பிரமையாக்கிவிட்டுக் கற்பனைக்குத் தீ வைத்துக் காட்டுகிறார். எத்தனை அழகாக எடுத்தால் என்ன? சிரித்தவர்கள் நல்லபிள்ளைகளாகத் தப்பிவிடுகிறார்கள்.

கிம்பர்லி பியர்ஸின் 2013 படத்தில், குளியலறையில் அவளை அவமானப்படுத்தியதைக் கைபேசியில் எடுத்து, அரங்கத் திரையிலேயே ஓட்டுகிறார்கள். அதைப் பிரமை என்று யாரும் சொல்ல முடியாது. அதில் ஆசிரியையைக் கேரியே காப்பாற்றவும் செய்கிறாள். அதற்காகப் பார்க்கலாம். மற்றபடி பழைய படத்தில் கேரியாக நடித்த சிஸ்ஸி ஸ்பேசக்கின் கண்களுக்கு முன்னால் அது நிற்காது.

நாவலைப் படித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். மனசக்தி உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.