ரிடெம்ப்ஷனில் தற்காப்பு ஏன் உடைகிறது?

கேள்வி: குருநகரில் எங்கள் ஆலய இளைஞர்கள் சேர்ந்து ரிடெம்ப்ஷன் என்ற வேதாகம அட்டை விளையாட்டை விளையாடுகிறோம். என் 50 அட்டை அடுக்கில் எதிராளியின் வீரரை மறிக்கும் தீய பாத்திரங்கள் 4. எல்லாம் கோலியாத் மாதிரிப் பெரிய எண்ணுள்ளவை, நாலும் நாலு நிறம். ஆனாலும் எதிராளி வெற்றிக்குத் தேவையான 5 ஆத்துமாக்களையும் சுகமாக மீட்டுவிடுகிறார். எங்கே பிழை?

பதில்: அந்த 4 போதாது. 50 அட்டையில் 7 இழந்துபோன ஆத்துமாக்கள். அவை கைக்கு வந்தவுடன் அடிமைத்தன தேசத்தில் (எதிராளி மீட்க வரும் ஆத்துமாக்களை மேசையில் வைக்கும் இடம்) வைத்துவிட்டு வேறு அட்டை எடுப்பீர்கள். ஆகவே கையை நிரப்புவது மிச்சம் 43 தான். அதில் தீய பாத்திரம் 4 என்றால், தொடக்கத்தில் எடுக்கும் 8 அட்டையில் ஒன்றுகூட வராமல் போக 42 வீத வாய்ப்பு உண்டு. 7 வைத்தால் அது 21 வீதமாகும், 8 வைத்தால் 16. மறிக்க ஆளில்லாவிட்டால் ஆத்துமா சண்டையே இல்லாமல் போய்விடும்.

அடுத்தது நிறம். சண்டையில் பாத்திரத்துக்குத் துணையாகப் போடும் வலுவூட்டும் அட்டை தன் படையணி நிறத்துப் பாத்திரத்துக்கு மட்டுமே பயன்படும். 304 சீட்டாட்டத்தில் துருப்பு இல்லாத கையால் வெட்ட முடியாதது போல, கறுப்புப் பாத்திரம் இல்லாமல் கறுப்பு அட்டை கையில் கிடந்து பிரயோசனமில்லை. ஒரு நிறத்தை எடுங்கள், கூடினால் இரண்டு. இரண்டு நிறமும் உள்ள பாத்திரம் கிடைத்தால் விடவேண்டாம்.

பெரிய எண் பற்றித்தான் பலர் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள். தோற்றுக்கொண்டிருப்பவருக்கே அடுத்த அட்டை போடும் உரிமை. 6/6 (தாக்கும் பலம் 6, தாங்கும் பலம் 6) வீரர் வருகிறார், நீங்கள் 10/10 ஐ நிறுத்துகிறீர்கள்: தோற்பது வீரர், ஆகவே முதல் அட்டை எதிராளிக்கு. அவர் உங்கள் பாத்திரத்தையே அகற்றும் அட்டையைப் போட்டால் அந்தப் பத்தும் பத்தும் வீண். 4/4 ஐ நிறுத்திப் பாருங்கள்: தோற்பது நீங்கள், முதல் அட்டையும் உங்களுக்கே. வீரரைக் கழிக்கும், சிறைப்பிடிக்கும் அல்லது சண்டையை விட்டு விலக்கும் அட்டையை அப்போதே இறக்கலாம். ‘முறியடிக்க முடியாது’ என்ற வரி உள்ளவற்றை முதலில் தேடி எடுங்கள். உங்கள் பாத்திரம் அகற்றப்படும் தறுவாயில் அந்த அட்டையை முறியடிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும், அதற்கென்று ஓர் அட்டையாவது கட்டாயம் வேண்டும். ஆக, சிறிய பாத்திரங்களைக் கூட்டுங்கள், கோலியாத் ஒருவர் போதும்.

நீங்கள் வெல்லவேண்டியதுகூட இல்லை. இருவரும் அழிந்தாலும் இருவரும் தப்பினாலும் ஆத்துமா மீட்கப்படாது.

50 ஐ இப்படிப் பிரிக்கலாம்: ஆத்துமா 7, தீய பாத்திரம் 8, தீய வலுவூட்டல் 9, வீரர் 7, நல்ல வலுவூட்டல் 9, டொமினன்ட் (எந்த நேரத்திலும் போடக்கூடிய அட்டை) 5, இடங்களும் கலைப்பொருட்களும் 5. டொமினன்ட்டில் ‘கிறிஸ்தவ இரத்தசாட்சி’யை விடவேண்டாம், நிறம் பாராமல் ஒரு வீரரைக் கழிக்கும். அதை முதல் ஆத்துமாவுக்கே செலவழிக்காமல் நாலாவது, ஐந்தாவதுக்கு வைத்திருங்கள்.

56 வரை போனாலும் ஆத்துமா 7 தான், 57 இல் 8 ஆகிவிடும். 56 வைத்தால் உங்கள் ஆத்துமாக்கள் மெதுவாக வெளியே வரும், ஆனால் தேவையான அட்டையும் பிந்தும். இப்போதைக்கு 50 போதும்.

அடுக்கியபின் 8 அட்டை எடுத்து, ஆத்துமா வந்தால் மாற்றிக்கொண்டு, பத்துத் தடவை பாருங்கள். பாத்திரமும் அதே நிற வலுவூட்டலும் சேர்ந்து வராத கைகள் நாலுக்கு மேல் என்றால், வீரர் பக்கத்தில் ஒன்றைக் கழற்றித் தற்காப்புப் பக்கம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள்.