மூலநிரல் கண்ணில் பட்டால் போதுமா?

கேள்வி: ஒரு மென்பொருளின் மூலநிரல் முழுவதும் கிடைக்கிறது, திருத்தலாம், பகிரலாம். ‘வணிகப் பயன்பாடு கூடாது’ என்று ஒரு வரி மட்டும் இருக்கிறது. இது கட்டற்ற மென்பொருள்தானே?

பதில்: இல்லை. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சொல்லும் நான்கு சுதந்திரங்களில் முதலாவதே, எந்த நோக்கத்துக்கும் இயக்கலாம் என்பது. எந்த உரிமம் திறந்த மூலம் என்று வகுக்கும் திறந்த மூல வரையறையின் 6ஆம் விதியும் பயன்படும் துறையைக் காரணம் காட்டித் தடுக்கக் கூடாது என்கிறது. ‘நன்மைக்கே பயன்படுத்துக, தீமைக்கு அன்று’ என்னும் ஜேசன் (JSON) உரிமத்தைக்கூட, லினக்ஸ் இயங்குதளத் திட்டமான டெபியன் ஏற்பதில்லை. நல்லெண்ணம்தான், ஆனால் எது தீமை என்று யார் தீர்ப்பது?

கேள்வி: மென்பொருளை வலைவழியே சேவையாக வழங்கினால் மூலநிரலைக் கொடு என்றுதான் ஏஜிபிஎல் (AGPL), எஸ்எஸ்பிஎல் (SSPL) உரிமங்கள் இரண்டுமே கேட்கின்றன. முன்னதை ஏற்பவர்கள் பின்னதை ஏன் மறுக்கிறார்கள்?

பதில்: இரண்டிலும் 13ஆம் பிரிவைப் படியுங்கள். ஏஜிபிஎல் கேட்பது, நீங்கள் திருத்திய அந்த மென்பொருளின் மூலத்தை. வலைவழியே அதைப் பயன்படுத்துவோருக்குக் கொடுத்தால் போதும். தரவுத்தள நிறுவனமான மோங்கோடிபி 2018 அக்டோபரில் கொண்டுவந்த எஸ்எஸ்பிஎல் அங்கே நிற்பதில்லை. மென்பொருளைப் பிறருக்குச் சேவையாக அளித்தால் மேலாண்மை, கண்காணிப்பு, காப்புநகல், சேமிப்பு என்று சேவையை நடத்த உதவும் நிரல்கள் அத்தனையையும் எஸ்எஸ்பிஎல்லிலேயே வெளியிடச் சொல்கிறது. அவற்றில் வேறொருவர் எழுதி, ஜிபிஎல் (GPL) என்னும் கட்டற்ற உரிமத்தில் வெளியிட்ட நிரல் ஒன்று இருந்தாலே சிக்கல்: அதன் உரிமத்தை மாற்றும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. ஆகவே பெரும்பாலோருக்கு நிறைவேற்றவே முடியாத நிபந்தனை இது. பிற மென்பொருள்மீது கட்டுப்பாடு விதிக்காதே என்னும் திறந்த மூல வரையறையின் 9ஆம் விதியோடும் மோதுகிறது. அந்த வரையறையைப் பேணும் திறந்த மூல முன்முயற்சியிடம் ஒப்புதல் கேட்டிருந்த மோங்கோடிபியே 2019 மார்ச்சில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

மேகக்கணி நிறுவனங்கள் பிறர் உழைப்பில் காசு பார்க்கின்றன என்ற ஆதங்கம் நியாயமானது. அதற்காக இதைக் கட்டற்றது என்று அழைக்க முடியாது. சொந்த நிறுவனத்துக்குள் இயக்குவோரை எஸ்எஸ்பிஎல்லின் 13ஆம் பிரிவு தொடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேள்வி: பிஎஸ்எல் (Business Source License) உரிமம் சில ஆண்டுகளில் தானாகவே கட்டற்றதாகிவிடுமாமே?

பதில்: ஆகும், ஆனால் பதிப்புவாரியாக. ஒவ்வொரு பதிப்பும் வெளியான 4 ஆண்டுகளுக்குள் ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் உரிமத்துக்கு மாற வேண்டும். அதுவரை அது கட்டற்றதன்று. மாறிய பிறகு உங்கள் கையில் இருப்பதும் பழைய பதிப்பு. பாதுகாப்புத் திருத்தங்கள் புதியவற்றில் இருக்கும். கணினி உள்கட்டமைப்பை நிரலால் அமைக்கும் கருவியான டெர்ராஃபார்ம் 2023 ஆகஸ்டில் பிஎஸ்எல்லுக்குத் தாவியபோது பலர் காத்திருக்கவில்லை. அதற்கு முன் எம்பிஎல் (MPL) என்னும் கட்டற்ற உரிமத்தில் இருந்த நிரலிலிருந்து ஓப்பன்டோஃபு என்னும் தனித் திட்டத்தைக் கிளைத்தார்கள்.

பிஎஸ்எல் மென்பொருளை நிறுவும் முன், திட்டத்தின் முகப்புப் பக்கத்தை நம்பாமல், நீங்கள் எடுக்கும் அதே பதிப்பின் லைசென்ஸ் கோப்பைத் திறந்து, மாறும் தேதியையும் கூடுதல் பயன்பாட்டு அனுமதியையும் பாருங்கள். எந்தப் பயன்பாடு தடைபடுகிறது என்பது அந்த அனுமதிப் பத்தியில்தான் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் அது வேறுபடும்.