ஆற்றில் விட்ட கழிவு எந்தக் கட்டளைக்குள் வரும்?

கேள்வி: நான் ஒரு தொழிற்சாலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் மேற்பார்வையாளராகப் பணியாற்றுகிறேன். மின்கட்டணத்தைக் குறைப்பதற்காக, வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் நிலையத்தை நிறுத்திவிட்டுக் கழிவை நேரே ஆற்றில் திறந்துவிடும்படி மேலாளர் வாய்மொழியாகச் சொல்கிறார். அந்த இரவுகளிலும் நிலையம் ஓடியதாகப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திடுபவன் நான். அண்மையில் மறையுரை ஆற்றிய குருவானவர், இயற்கையைக் கெடுப்பது பாவம் என்றார். பத்துக் கட்டளைகளை வரிசையாக வைத்து ஆன்மசோதனை செய்தே பழகியவன் நான். இது எந்தக் கட்டளைக்குள் வரும் என்று தெரியவில்லை. மண்ணுலகை ஆளும்படி கடவுளே சொல்லியிருக்கும்போது, இது இப்போது புதிதாக வந்த போதனையா? வேலை போனால் குடும்பம் என்னாகும் என்ற அச்சமும் இருக்கிறது. பாவசங்கீர்த்தனத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும்போது, நான் என்ன சொல்ல வேண்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

விடையே இருக்காது என்று நினைத்து நீங்கள் கேட்ட கேள்விக்குத்தான் மிகத் தெளிவான விடை இருக்கிறது. அது ஏழாம் கட்டளைக்குள் வரும்: களவு செய்யாதே. 1992-ஆம் ஆண்டு வெளியான, கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி என்னும் அதிகாரபூர்வப் போதனை நூல், தன் 2415-ஆம் பத்தியில், படைப்பின் முழுமையை மதிக்கும் கடமையை அந்தக் கட்டளையின் கீழ்தான் வைத்திருக்கிறது. முதன்முதலில் தேடியபோது நான் ஐந்தாம் கட்டளையான கொலையின் கீழ்ப் பார்த்துவிட்டு ஏமாந்தேன். ஆனால் சிந்தித்துப் பார்த்தால், அது வைக்கப்பட்டிருக்கும் இடத்தில்தான் அதன் பொருளே இருக்கிறது. விலங்குகளும் தாவரங்களும் உயிரற்ற பொருள்களும் நேற்று வாழ்ந்தவர்கள், இன்று வாழ்பவர்கள், நாளை பிறக்கப்போகிறவர்கள் ஆகிய எல்லாருடைய பொது நன்மைக்காகவும் உள்ளவை என்று அந்தப் பத்தி சொல்கிறது. பொதுவில் இருப்பதை ஒருவர் மட்டும் எடுத்துக்கொள்வதற்குத் தமிழில் வேறு பெயர் இல்லை.

உங்கள் ஆலையில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். சுத்திகரிப்புத் தொட்டியில் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களுக்குக் காற்று செலுத்தும் கருவிகள்தாம் பெரும்பாலும் மின்சாரத்தில் பெரும்பங்கைக் குடிக்கின்றன என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். அவற்றை நிறுத்தினால் அந்த வேலை நின்றுவிடுவதில்லை. அது ஆற்றுக்கு இடம் மாறுகிறது. ஆற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கையில் நீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடுகின்றன. மீன்கள் மூச்சுமுட்டிச் சாகின்றன. கீழ்ப்பகுதியில் அந்த நீரை நம்பியிருப்பவர்கள் பணத்தாலோ உடல்நலத்தாலோ விலை கொடுக்கிறார்கள். அதாவது, ஆலை கட்ட மறுத்த மின்கட்டணத்தை யாரோ கட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் 2009-இல் வெளியிட்ட உண்மையில் அன்பு என்னும் சுற்றுமடலின் 50-ஆம் பத்தியில், பொதுவான இயற்கை வளங்களைப் பயன்படுத்துவதால் ஏற்படும் செலவை, அதைப் பயன்படுத்துகிறவர்களே வெளிப்படையாக ஏற்க வேண்டும், பிற மக்கள்மீதும் வருங்காலத் தலைமுறைகள்மீதும் சுமத்தக் கூடாது என்று எழுதியது ஏறத்தாழ உங்கள் பதிவேட்டைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. தூய குடிநீர் கிடைப்பது அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் இறைவா உமக்கே புகழ் மடலின் 30-ஆம் பத்தியில் சொன்னதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆளும்படி கடவுள் சொன்னார் என்பது உண்மை. தொடக்கநூல் 1:28-இல் அந்தச் சொல் இருக்கிறது. ஆனால் அதே எபிரேய வினைச்சொல் எசேக்கியேல் 34:4-இல், மந்தையை வன்மையோடும் கொடுமையோடும் ஆண்ட ஆயர்களைக் கடவுள் கண்டிக்கும் இடத்திலும் வருகிறது. எனவே ஆளும் பொறுப்பைக் கொடுத்தவரே ஆண்ட விதத்துக்குக் கணக்கும் கேட்கிறார். அடுத்த இயலில், 2:15-இல், தோட்டத்தைப் பண்படுத்தவும் பாதுகாக்கவும் மனிதர் அங்கே வைக்கப்படுகிறார். அங்கே வரும் இரண்டு எபிரேயச் சொற்களும் எண்ணிக்கை நூலின் 3-ஆம் இயலில், திருப்பணிக்கென ஒதுக்கப்பட்ட குலத்தாரான லேவியர், வழிபாட்டு இடமான சந்திப்புக் கூடாரத்தில் செய்ய வேண்டிய பணியைக் குறிக்கவும் பயன்படுகின்றன என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. தோட்டவேலைக்கும் திருப்பணிக்கும் ஒரே சொல். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர் என்று லேவியர் 25:23-இல் கடவுள் சொல்வதைப் படித்த பிறகு, உரிமையாளர் யார் என்ற ஐயம் எழ இடமில்லை.

புதுப் போதனையா என்று கேட்டீர்கள். இயற்கையைக் கண்மூடித்தனமாகச் சுரண்டும் மனிதன் அந்தச் சீரழிவுக்குத் தானே பலியாக நேரிடும் என்று திருத்தந்தை 6-ஆம் பவுல் எழுதியது 1971-இல். 2-ஆம் யோவான் பவுல் உலக அமைதி நாள் செய்தி முழுவதையும் இதற்கே ஒதுக்கியது 1990-இல். சூழலியல் பாவம் என்று ஒன்றைத் தனியாக வரையறுக்கலாம் என அமேசான் ஆயர் மாமன்றம் 2019-இல் முன்மொழிந்தது உண்மைதான். அந்தப் புதுப் பெயர் இல்லாமலேயே, உங்கள் காரியத்துக்கு ஏழாம் கட்டளை போதும்.

இனி உங்கள் பொறுப்பின் அளவைப் பார்ப்போம். பனிமூட்டமாக இருக்கும் இடம் இதுதான். இங்கே அவசரப்பட்டு உங்களை நீங்களே சிலுவையில் அறைந்துகொள்ள வேண்டாம், கைகழுவிவிடவும் வேண்டாம். சாவான பாவத்துக்கு, அதாவது கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் பெரும்பாவத்துக்கு, கனமான பொருள், முழு அறிவு, முழுச் சம்மதம் ஆகிய மூன்றும் வேண்டும். அச்சமும் வற்புறுத்தலும் ஒருவரது குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும் கூடும் என்று மறைக்கல்வியின் 1735-ஆம் பத்தி சொல்கிறது. வேலை போய்விடும் என்ற உங்கள் அச்சம் பொய்யானதன்று. அதைக் குருவிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அதே சமயம், பிறர் பாவத்தில் நமக்குப் பங்கு வரும் வழிகளை 1868-ஆம் பத்தி வரிசைப்படுத்துகையில், நேரடியாகப் பங்கேற்பதோடு, தடுக்கக் கடமை இருந்தும் தடுக்காமையையும், தீமை செய்வோரைப் பாதுகாப்பதையும் சேர்த்திருக்கிறது. கழிவைத் திறந்துவிடச் சொன்னது மேலாளர். ஆனால் ஓடாத நிலையம் ஓடியது என்று எழுதிய கை அவருடையதன்று. அந்தக் கையெழுத்து, பொய்ச்சான்று சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளையையும் தொடுகிறது. அதுமட்டுமன்றி, மேலாளரின் வாய்மொழி உத்தரவைப் பாதுகாக்கும் ஒரே சுவரும் அதுதான். திருப்பலியின் தொடக்கத்தில் சிந்தனையாலும் சொல்லாலும் செயலாலும் என்று சொல்லிவிட்டு, கடமையில் தவறியதாலும் என்று ஏன் சேர்த்துச் சொல்கிறோம் என்பதை இத்தகைய இடங்களில்தான் நான் உணர்ந்திருக்கிறேன்.

ஆகவே முதலில் விட வேண்டியது வேலையை அன்று, பொய்க் கையெழுத்தை. நிலையம் நின்ற நேரத்தை நின்றதாகவே எழுதுங்கள். நிறுத்தச் சொல்லும் உத்தரவை எழுத்தில் தரும்படி பணிவாகக் கேளுங்கள். எழுத்தில் கேட்ட அளவிலேயே நின்றுபோகும் உத்தரவுகள் உண்டு. கேட்பதற்கு முன், மேலாளருக்குப் புரியும் மொழியில் ஒரு குறிப்பும் தயார் செய்துகொள்ளலாம்: காற்று நின்ற இரவுக்குப் பின் தொட்டியின் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடுவதால், அடுத்து வரும் நாள்களிலும் சுத்திகரிப்பு சரியாக நடப்பதில்லை, எனவே மிச்சம் பிடித்ததாக நினைக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி, பின்னர் பயனின்றிச் செலவாகிறது. காற்றுக் கருவிகளைச் சீராக்கினாலோ, தேவையின் அளவுக்கு ஏற்ப இயக்கினாலோ நேர்மையாகவே கட்டணத்தைக் குறைக்க வழியிருக்கிறதா என்று கணக்கிட்டுக் காட்டுங்கள். உங்களோடு பணிபுரிவோரில் நம்பிக்கைக்குரிய ஒருவரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள், தனியாளாகப் போகாதீர்கள். இல்லத்தில் உள்ளவர்களிடம் இன்றே எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்; நீங்கள் காக்க நினைப்பது அவர்களைத்தான் என்றால், முடிவில் அவர்களுக்கும் பங்கு உண்டு. இவ்வளவுக்குப் பிறகும் பொய் எழுதத்தான் வேண்டும் என்று வற்புறுத்தப்பட்டால், வேறு பணி தேடத் தொடங்குவதும், மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் உங்கள் கடமைக்குள் வந்துவிடும். அது எளிது என்று சொல்லமாட்டேன்.

பாவசங்கீர்த்தனத்தில், இயற்கைக்கு எதிராகப் பாவம் செய்தேன் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதீர்கள். எத்தனை காலமாக, ஏறத்தாழ எத்தனை இரவுகள், யார் சொல்லி, எந்த அச்சத்தால் என்பதைச் சொல்லுங்கள். வீட்டில் குழாயை மூட மறந்ததையும் இதையும் ஒரே தட்டில் வைத்துக் குழப்பிக்கொள்ளவும் வேண்டாம். சிறு சிக்கனங்கள் நல்லவை, ஆனால் அவற்றை அடுக்கிக்காட்டி இந்த இரவுகளை மறைத்துவிட முடியாது.

ஏழாம் கட்டளைக்குள் வருவதால் ஒரு கூடுதல் கேள்வியும் வருகிறது. களவுக்கு மன்னிப்பு கேட்பதோடு, எடுத்ததை ஈடு செய்யவும் வேண்டும். வரிதண்டுவோரின் தலைவரான சக்கேயு நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சொன்ன லூக்கா 19:8-ஐ மறைக்கல்வியின் 2412-ஆம் பத்தி நினைவூட்டி, களவுக்கு உத்தரவிட்டவர்களும் துணைநின்றவர்களும் அவரவர் பொறுப்பின் அளவுக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. உங்கள் பங்கு சிறியதாக இருக்கலாம். மிச்சமான பணம் உங்கள் பையில் விழவில்லை என்பதையும் குருவானவர் கணக்கில் எடுத்துக்கொள்வார். கீழ்ப்பகுதி மக்களுக்கு எந்த வகையில் ஈடு செய்வது, இதுவரை பொய்யாக எழுதிய பக்கங்களை எப்படித் திருத்துவது என்ற இரண்டையும் அவரிடம் நீங்களாகவே கேளுங்கள், அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.